உள்ளே கத்தி, வெளியே சர்க்கரை



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "ஐயா இன்று சர்க்கரை பற்றிப் பேசுவார்" என்றார். உடனே முன்வரிசையில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்; மாத்திரை நேரம் போலிருக்கிறது. பயப்பட வேண்டாம், உங்கள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை நான் தொடப்போவதில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்நூறு பேர் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துக்கொள்ளலாம் என்கிற அளவில் இருக்கும் பாக்டீரியா, தனக்கு வேண்டிய சர்க்கரையை எப்படி உள்ளே கொண்டுபோகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பிளேட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் மாணவனாக ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம். வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு குழந்தையின் மாதிரியை மெக்கான்கி அகார் பிளேட்டில் லூப்பால் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க வைத்திருந்தோம். ஆல்ஃபிரட் மெக்கான்கி 1905-இல் வெளியிட்ட பக்குவம் அது. சிற்சில மாற்றங்களோடு இன்றும் நம் ஊர் ஆய்வகங்களில் தினமும் ஊற்றுகிறார்கள். அதில் பாலில் இருக்கும் லாக்டோஸ் உண்டு. நியூட்ரல் ரெட் என்ற சாயமும் உண்டு. லாக்டோஸைத் தின்கிற பாக்டீரியா அமிலம் விடும், சாயம் சிவக்கும், காலனி ரோஜா நிறமாகும். தின்னாதது வெளுத்துக் கிடக்கும். மறுநாள் காலை என் பிளேட்டில் காலனிகள் எல்லாம் தண்ணீர்த் துளி மாதிரி நிறமில்லாமல் இருந்தன. "லாக்டோஸ் தின்னாதது" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பிளேட்டை ஆட்டோகிளேவில் போட எடுத்துப்போனேன்.

மூத்த டெக்னீஷியன் ஒருவர் மறித்தார். "தம்பி, அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு நாள் உள்ளயே கிடக்கட்டும்."

மூன்றாம் நாள் பார்த்தால், காலனிகளில் லேசாக ரோஜா நிறம் ஏறியிருந்தது. வேறு ஏதோ கிருமி கலந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சின்னக் குழாயில் அந்தக் காலனியைக் கரைத்தார், ஒரு சொட்டு டொலுயீன் விட்டுக் குலுக்கினார், ஓ.என்.பி.ஜி. கரைசலைச் சேர்த்தார். ஓ.என்.பி.ஜி. என்பது லாக்டோஸ் வேஷம் கட்டிய ஒரு பொருள். லாக்டோஸை வெட்டுகிற நொதி இதையும் ஏமாந்து வெட்டும். வெட்டுப்பட்டால் மஞ்சள் நிறம் வரும். கொஞ்ச நேரத்தில் குழாய் மஞ்சளானது.

"பாத்தீங்களா? கத்தி உள்ளதான் இருக்கு, வாசல்தான் இல்ல. டொலுயீன் சுவத்துல ஓட்டை போட்டுச்சு, வேலை நடந்திருச்சு."

அந்தக் கிருமி ஷிகெல்லா சோனி. லாக்டோஸைத் தாமதமாகத் தின்பது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதிவேட்டில் என் எழுத்தை அடித்துத் திருத்தினேன். அந்த அடித்தல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சுவர் என்று அவர் சொன்னாரே, அது என்ன சுவர்? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு, கிட்டத்தட்ட 5 நானோமீட்டர் தடிமன் கொண்ட எண்ணெய்ப் படலம். வீட்டில் கடலை எண்ணெயில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கலக்கிக்கொண்டே இருக்கலாம், கரையாது. குளுக்கோஸ் மூலக்கூறு தன் உடம்பெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் கைகளோடு பிறந்தது. தண்ணீரை உதறிவிட்டு எண்ணெய்க்குள் இறங்க அதற்கு மனம் வராது. ஆகவே சும்மா விட்டால், சர்க்கரைப் பாகிலேயே மிதந்துகொண்டு பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

எவ்வளவு சர்க்கரை வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடலில் வாழும் ஈ.கோலை, குளுக்கோஸ் மட்டுமே உணவாக உள்ள எளிய கரைசலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒரு கிராமை லட்சங்கோடிப் பங்காக்கினால், நீர் நீக்கிய அதன் எடை அதில் ஒரு பங்கின் மூன்றில் ஒன்று போல வரும். அந்த எடையைக் கட்டியெழுப்ப அதைப்போல் இரு மடங்கு குளுக்கோஸ் வேண்டும். மூலக்கூறாக எண்ணினால் சுமார் 200 கோடி. நொடிக்குக் கணக்கிட்டால் 5 லட்சத்துக்கு மேல். கண்ணுக்கே தெரியாத ஒரு உயிருக்கு நொடிக்கு ஐந்து லட்சம் வாசல் வரவு! இதை எண்ணெய்ப் படலத்தின் கருணையில் விட முடியாது.

வாசலைத் தேடி பாரிஸுக்குப் போவோம். பாஸ்டர் நிறுவனத்தின் மாடிப் பரணில் ஆந்த்ரே ல்வோஃபின் ஆய்வகம். அங்கே ழாக் மோனோ. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த 1941-இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தவர். பிறகு எதிர்ப்புப் படையில் சேர்ந்தவர். ஈ.கோலைக்கு குளுக்கோஸையும் லாக்டோஸையும் ஒன்றாகக் கொடுத்தால், முதலில் குளுக்கோஸை முழுக்கத் தின்றுவிட்டு, சற்று நின்று, பிறகுதான் லாக்டோஸில் வாய் வைக்கிறது என்பதை அவர் வரைபடத்தில் கண்டிருந்தார். பந்தியில் பாயசத்தை முதலில் முடித்துவிட்டுச் சாதத்துக்கு வரும் பிள்ளை மாதிரி.

போருக்குப் பின் அவர் குழுவைக் குழப்பியவை சில விகாரங்கள், அதாவது மரபணு மாறிப்போன ஈ.கோலைகள். லாக்டோஸை வெட்டும் நொதி அவற்றுக்குள் நிறைய இருந்தது, செல்லை உடைத்து அளந்தால் தெரிந்தது. ஆனால் முழுச் செல்லுக்கு லாக்டோஸ் கொடுத்தால் தின்னவில்லை. 'மறைபொருள்' என்ற பொருள்படும் ஒரு பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். எங்கள் டெக்னீஷியன் டொலுயீன் சொட்டுவிட்டுக் காட்டியது இதேதான்.

1956-இல் ரிக்கன்பெர்க், கோஹன், புத்தேன், மோனோ நால்வரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை விஷயத்தை நேராகப் பிடித்தது. நொதியால் வெட்ட முடியாத, கதிரியக்கக் கந்தகம் ஏற்றிய ஒரு போலிச் சர்க்கரையை எடுத்துக்கொண்டார்கள். அதைச் செல்களோடு சில நிமிடம் கலந்து, வடிகட்டி, கழுவி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினார்கள். வெளியே இருந்ததைப் போல் நூறு மடங்குக்கும் மேல் உள்ளே குவிந்திருந்தது. வேறொரு சர்க்கரையை மேலே ஊற்றினால் குவிந்தது இறங்கிவிட்டது. செல்லின் ஆற்றல் உற்பத்தியை நஞ்சு வைத்து நிறுத்தினால் குவியவே இல்லை. மறைபொருள் விகாரங்களில் எதுவும் ஏறவில்லை. ஆக, நொதியைப் போலவே ஆளறிந்து பிடிக்கிற, மரபணு ஆணையில் உருவாகிற, ஆற்றல் செலவழிக்கிற ஏதோ ஒன்று சவ்வில் இருக்கிறது. அதற்கு பெர்மியேஸ் என்று பெயரிட்டார்கள்.

அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள். ஒருவரும் அதைப் பிரித்தெடுக்கவில்லை, கண்ணால் காணவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர்சூட்டு விழா. பலருக்கு இது பிடிக்கவில்லை, குழாயில் எடுத்துக் காட்டாத புரதத்துக்கு நொதிபோல் பெயரா என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பெயர் வைத்ததால்தான் தேட ஆள் வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லாக்டோஸ் உள்ளே வந்தால்தான் செல் பெர்மியேஸ் செய்யும். பெர்மியேஸ் இருந்தால்தான் லாக்டோஸ் உள்ளே வரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. விடை என்னவென்றால், பூட்டியிருக்கும் மரபணுவும் எப்போதாவது கசியும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெர்மியேஸ்கள் எந்தச் செல்லிலும் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஓரிரண்டு வழியாகக் கொஞ்சம் சர்க்கரை வரும். அது இன்னும் பத்தைச் செய்யவைக்கும். பிறகு அணை உடைந்தது போலத்தான்.

கண்ணில் காணாததைப் பிடித்தவர்கள் ஃபாக்ஸும் கென்னடியும், 1965-இல். அவர்கள் கையாண்ட தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். ஒரே ஒரு கதவின் மேல் மட்டும் துணியைப் போர்த்திவிட்டு, வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். காய்ந்ததும் துணியை எடுத்துவிட்டுக் காவியை அடியுங்கள். சுண்ணாம்பு பட்ட இடத்தில் காவி ஒட்டாது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கதவு மட்டும் சிவந்து தனியே தெரியும். அவர்களுக்குத் துணியாக இருந்தது பெர்மியேஸ் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ஒரு சர்க்கரை. சுண்ணாம்பு, புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். காவி, அதே வேதிப்பொருள்தான், கதிரியக்கம் ஏற்றியது. சவ்விலிருந்து ஒரு புரதம் மட்டும் கதிர் வீசிக்கொண்டு வெளிப்பட்டது.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவருக்குக் கூலி யார் கொடுப்பது? குறைவான இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்குச் சரக்கை ஏற்றுகிறார் என்றால், எங்கிருந்தோ ஆற்றல் வரவேண்டும்.

பீட்டர் மிட்செல் சொன்ன விடை அன்றைக்குப் பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வீட்டில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புகிறோம். பிறகு குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடாமலே தண்ணீர் வருகிறது. பாக்டீரியா மூச்சுவிடும்போதெல்லாம் புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை, வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே நேர்மின், உள்ளே எதிர்மின். வெளியே சற்று அமிலம், உள்ளே சற்றுக் காரம். இறைத்த புரோட்டானுக்கு எப்படியாவது உள்ளே திரும்ப வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் எண்ணெய்ப் படலம் விடாது. திரும்பி வர ஒரு வழி கொடுத்து, "வா, ஆனால் கையில் ஒரு லாக்டோஸைப் பிடித்துக்கொண்டு வா" என்கிறது பெர்மியேஸ். ஒரு லாக்டோஸுக்கு ஒரு புரோட்டான். 1963-இல் மிட்செல் இதை எழுதினார். அதற்கு முன்பே 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன், நம் குடலில் குளுக்கோஸ் சோடியத்தோடு கைகோத்து நுழைகிறது என்று சொல்லியிருந்தார். வயிற்றுப்போக்குக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்திருப்பது அந்தக் கைகோத்தலை நம்பித்தான்.

சொன்னால் போதுமா? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் போட்மின் ஊருக்கு அருகே, பாழடைந்து கிடந்த ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு மிட்செல் சொந்த ஆய்வகம் நடத்தினார். அங்கே 1970-இல் இயன் வெஸ்ட் செய்த சோதனை மிக எளிது. ஆக்ஸிஜன் இல்லாமல் ஈ.கோலையைக் கரைசலில் வைத்து, பி.எச். மானியைச் செருகி, லாக்டோஸைச் சேர்த்தார். மானி காரப் பக்கம் நகர்ந்தது. வெளியில் இருந்த புரோட்டான்கள் லாக்டோஸோடு சேர்ந்து உள்ளே போனதால், வெளியே அமிலம் குறைந்தது. மிட்செலுக்கு 1978-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வின் இருபுறத்துக்கும் இடையே எவ்வளவு அழுத்தம்? ஏறத்தாழ 180 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டும் பத்து மடங்கு குவிப்புக்கு ஈடு. மூன்று அறுபது, ஆகவே பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம். ஒரு புரோட்டான் கூலியில் ஆயிரம் மடங்கு வரை குவிக்கலாம் என்பது உச்சவரம்பு. பாரிஸ்காரர்கள் கண்ட நூறு மடங்கு இந்த வரம்புக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாச் சர்க்கரைக்கும் இதே கூலி கிடையாது. ஈ.கோலை குளுக்கோஸை உள்ளே எடுப்பதே வேறு முறை. 1964-இல் குண்டிக், கோஷ், ரோஸ்மன் மூவரும் கண்டுபிடித்தது. கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, செல்லுக்குள் ஒரு பாஸ்பேட்டை ஒரு புரதம் அடுத்ததிடம் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்க, கடைசியில் சவ்வில் நிற்கும் புரதம் அந்தப் பாஸ்பேட்டை, நுழைந்துகொண்டிருக்கும் குளுக்கோஸின் முதுகில் ஒட்டிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் கையில் முத்திரை குத்தி உள்ளே விடுவதில்லையா, அப்படி. முத்திரை குத்திய குளுக்கோஸுக்கு மின்சுமை ஏறிவிடுவதால் வெளியே நழுவ முடியாது. குளுக்கோஸை உடைக்கும் பாதையில் முதல் படியே இந்த முத்திரைதான். எப்படியும் கட்டவேண்டிய கட்டணத்தை வாசலிலேயே கட்டி, வழிச்செலவையும் அதிலேயே முடித்துக்கொள்கிறது. இதைவிடச் சிக்கனமான குடித்தனத்தை நான் பார்த்ததில்லை.

மோனோ கண்ட பாயச ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. குளுக்கோஸ் நிறைய வரும்போது, கைமாற்று வரிசையில் நிற்கும் ஒரு புரதம் தன் பாஸ்பேட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். வெறுங்கையோடு நிற்கும் அந்தப் புரதம் நேரே போய் லாக்டோஸ் பெர்மியேஸின் மேல் ஒட்டிக்கொண்டு அதை இயங்கவிடாமல் தடுக்கிறது. குளுக்கோஸ் தீர்ந்தால் அது மறுபடி பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு விலகும். பந்தியில் ஒரு இலையை மூடிவைத்துவிட்டு இன்னொன்றைத் திறக்கும் வேலை. மரபணு அளவிலும் வேறு கட்டுப்பாடுகள் உண்டு, நேரமில்லை, விட்டுவிடுகிறேன்.

இடையில் ஒரு விஷயத்தைத் தாண்டி வந்துவிட்டேன். ஈ.கோலைக்கு மதில் ஒன்றல்ல, இரண்டு. வெளிமதிலில் போரின் என்ற புரதங்கள் நீர் நிறைந்த துளைகளாக இருக்கின்றன. லாக்டோஸ் அளவுள்ளவை தாராளமாக நுழையும், காவல் எல்லாம் உள்மதிலில்தான். மால்டோஸின் நீண்ட சங்கிலிகளுக்கு மட்டும் வெளிமதிலில் தனி வாசல் உண்டு. லாம்டா என்ற வைரஸ் அந்த வாசல் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாக்டீரியாவைத் தாக்குகிறது. விருந்தாளிக்கு வைத்த வாசல்படியில் திருடன் கால் வைத்த மாதிரி.

வாசல், கதவு என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் லாக்டோஸ் பெர்மியேஸ் திறந்த கதவாக ஒரு கணம்கூட இருப்பதில்லை. இருந்தால் குவித்ததெல்லாம் வெளியே கொட்டிவிடும். மத்திய சிறைக்குப் போனவர்களுக்கு, பார்வையாளராகத்தான் சொல்கிறேன், அந்த இரட்டைக் கதவு தெரியும். வெளிக்கதவு திறந்து உள்ளே வந்ததும் அது மூடும். மூடிய பிறகே உட்கதவு திறக்கும். சவ்வுப் புரதங்கள் இப்படித்தான் வேலை செய்யவேண்டும் என்று 1966-இல் யார்டெட்ஸ்கி ஊகித்தார். அதனால்தான் வேகமும் குறைவு. அயனிகள் பாயும் துளைப் புரதம் நொடிக்குப் பல லட்சத்தை விடும். நம் பெர்மியேஸோ நொடிக்குச் சில பத்து லாக்டோஸ்தான். செல் அதற்காக ஆயிரக்கணக்கில் ஆள் வைத்துக்கொள்கிறது.

அந்த ஊகத்தைப் படமாகக் காட்ட வாழ்நாளைக் கொடுத்தவர் ரொனால்ட் கபாக், மருத்துவம் படித்துவிட்டு இதில் விழுந்தவர். பாக்டீரியாவின் உள்ளடக்கத்தை எல்லாம் கொட்டிவிட்டு வெறும் சவ்வுப் பைகளாக்கி, அந்தக் காலிப் பைகளும் சர்க்கரையை இழுக்கின்றன என்று காட்டினார். தொடக்கத்தில் அவர் மிட்செலின் கருத்தை ஏற்கவில்லை. தன் பைகளில் தானே அளந்த மின்னழுத்தம் அவரை மாற்றியது. பெர்மியேஸில் 417 அமினோ அமிலங்கள். அவர் குழு அநேகமாக ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முறை மாற்றிப் பார்த்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. மாற்றினால் ஓட்டமே நின்றுபோகிறவை ஆறுதான் என்று தெரிந்தது: சர்க்கரையைப் பிடிக்கச் சில, புரோட்டானைக் கைமாற்றச் சில. மற்ற நானூறு சொச்சம், கதவின் சட்டமும் கீலும் போல.

2003-இல் லண்டனின் சோ இவாட்டாவோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட உருவத்தில், சவ்வைக் குறுக்காகக் கடக்கும் பன்னிரண்டு சுருள்கள் ஆறு ஆறாகப் பிரிந்து, கும்பிடும் இரு கைகளைப் போல நின்றன. மேலே விரல்கள் சேர்ந்திருக்க, கீழே மணிக்கட்டுகள் அகன்று செல்லின் உட்புறம் திறந்திருந்தன. நடுவே சர்க்கரை. இயல்பான பெர்மியேஸ் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதால் படிகமாக நிற்கவில்லை. 154-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, சர்க்கரையைப் பிடிக்கும் ஆனால் கடத்தாது என்று முடங்கிப்போன விகாரம்தான் படத்துக்கு நின்றது. ஓடுகிற பிள்ளையைப் படம் எடுக்க முடியாமல், காய்ச்சலில் படுத்திருக்கும்போது எடுத்தார்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன்.

நம் அடுக்களைக்கும் இதில் பங்கு உண்டு. பாலில் உறை ஊற்றும்போது விடுவது லாக்டோஸ் தின்கிற பாக்டீரியாக் கூட்டத்தை. தயிரில் காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் லாக்டோஸை உள்ளே இழுத்து இரண்டாக வெட்டும். ஒரு பாதியான குளுக்கோஸை மட்டும் தின்னும். மறு பாதியான கேலக்டோஸை அதே வாசல் வழியே வெளியே தள்ளும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே: காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் புது பாட்டில். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற இன்னொன்று முத்திரை குத்தும் முறையில் லாக்டோஸை எடுக்கிறது. அந்த வாசலுக்கான மரபணுக்களை அது முதன்மை மரபுப் பொருளில் வைக்காமல், பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் முந்தானையில் முடிந்துவைத்த காசு மாதிரி வைத்திருக்கிறது. முடிச்சு அவிழ்ந்து தொலைந்துபோனால் அதன் சந்ததி பாலைப் புளிக்க வைக்கச் சிரமப்படும். பால் பண்ணைகளுக்கு உறைக் கிருமி வளர்ப்பவர்கள் இதற்காகவே விழிப்பாக இருப்பார்கள்.

முடிக்கும் முன், மறுபடி ஆய்வகத்துக்கு. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு ஃபாஸ்ஃபோமைசின் என்று ஒரு மருந்து உண்டு. 3 கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. பாக்டீரியாவின் செல் சுவர் கட்டும் வேலையை அதன் முதல் படியிலேயே நிறுத்தும். ஆனால் அது வேலை செய்ய உள்ளே போகவேண்டுமே? பாஸ்பேட் ஏறிய சர்க்கரை போன்ற பொருள்களுக்கென்று ஈ.கோலை வைத்திருக்கும் வாசல்களில், லாக்டோஸ் பெர்மியேஸின் உறவுமுறைப் புரதங்கள்தான் அவை, வேஷம் போட்டு நுழைகிறது. அந்த வாசல்களில் ஒன்று, வெளியே குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இருந்தால்தான் திறப்பு விழாவே நடத்தும். ஆகவே, மருந்து பலிக்குமா என்று பார்க்க நாங்கள் பிளேட்டில் வைக்கும் வட்டக் காகிதத்தில் 200 மைக்ரோகிராம் மருந்தோடு 50 மைக்ரோகிராம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் ஏற்றப்பட்டிருக்கும். சர்க்கரை இல்லாமல் சோதித்தால் நல்ல மருந்தையும் பலிக்காது என்று எழுதிவிடுவோம்.

மறுநாள் காலை அந்தக் காகிதத்தைச் சுற்றி, பாக்டீரியா செத்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தெளிந்த வட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் காலனிகள் நிற்கும். அவற்றில் பலவும் அந்தச் சர்க்கரை வாசலை விகாரத்தால் இழந்தவை. அந்தச் சர்க்கரை இனி கிடைக்காது, மருந்தும் அந்த வழியே நுழையாது. அவற்றில் சில பிளேட்டில் கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளரும். இப்போதெல்லாம் மாணவர்கள் அதைக் கழுவப் போட எடுத்துப்போனால், நானும் மறித்து, "தம்பி, அவசரப்படாதீங்க" என்கிறேன்.